மடி இருக்க சீட் எதற்கு என்றேன்!

சகோதரிகளே, இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதினால் என் தவறை நானே ஊரறியச் சொன்னதாகிவிடும். ஆனால் என்னைப் போல நினைத்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்கள் எத்தனை பேரோ! அவர்களிடம் பதில் பேச முடியாமல் தவிக்கும் இளம் தாய்மார்கள் எத்தனை பேரோ! அதை நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்களுக்கு நாமக்கல். என் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகளைச் சேலத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழகான பெண் குழந்தை. மூன்று மாதம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, தாயையும் பிள்ளையையும் சேலத்தில் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தோம்.

அன்று காலையில் மாப்பிள்ளை காரோடு வந்தார். டிக்கியிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை இறக்கினார். பிரித்தால், உள்ளே கூடை மாதிரி ஒரு சாமான். மெத்தை, வார், கொக்கி, மேலே ஒரு கைப்பிடி.

"பாப்பாவுக்குக் கார் சீட் வாங்கியிருக்கேன் அத்தை. பின்னாடி இதை மாட்டி, பாப்பாவை இதுலதான் வச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பச்சைக் கொழந்தையை வார் போட்டுக் கட்டறதாங்க மாப்பிள்ளை? அப்பறம் நான் எதுக்கு இருக்கறேன்? என் மடியை விடவா இந்தக் கூடை பத்திரம்?" என்றேன்.

"அம்மா, ஆஸ்பத்திரியில கூடச் சொன்னாங்கம்மா..." என்று மகள் இழுத்தாள்.

"உன்னை அம்பாசடர் கார்ல என் மடியில வச்சுத்தான் கூட்டியாந்தேன். இப்ப நீ என்ன கொறஞ்சு போயிட்டே?" என்று அவள் வாயை அடைத்தேன். தவிர, என் நாத்தனாரும் அவர் மகனும் வேறு கூட வந்தார்கள். அந்த சீட்டை வைத்தால் ஓர் ஆள் உட்காரும் இடம் போய்விடுமே!

மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவர், மேலே பேசவில்லை. சீட் மறுபடி பெட்டிக்குள் போனது. பெட்டி டிக்கிக்குள் போனது. அதன் மேல் சீர்த்தட்டும் வாழைப்பழத் தாரும் ஏறின. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்பினோம்.

நான் முன் சீட்டில், குழந்தை என் மடியில். பெல்ட் போடாவிட்டால் கார் பீப் பீப் என்று கத்துகிறது; போட்டால் குழந்தையை அழுத்தும். ஆகவே பெல்ட்டை என் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிக்கொண்டேன். அதைக்கூடப் பெரிய சாமர்த்தியமாக நினைத்தேன், பாருங்கள்.

ஆண்டகளூர் கேட் தாண்டி மல்லூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நடுத்திட்டு இடைவெளியிலிருந்து ஒரு பைக் திடீரென்று குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பிரேக்கை அழுத்தினார். கார் எதன் மீதும் மோதவில்லை. வெறும் பிரேக்தான்!

அந்த ஒரு விநாடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னால் சாய்ந்த வேகத்தில் என் வலது கை தானாகவே போய் டேஷ்போர்டை ஊன்றிக்கொண்டது. குழந்தையை அணைத்திருந்த கை! "உயிரே போனாலும் விடமாட்டேன்" என்று நான் நம்பிக்கொண்டிருந்த கை. குழந்தை மடியிலிருந்து வழுக்கி முன்னே போய், டேஷ்போர்டில் நெற்றி இடித்து, என் காலடியில் விழுந்தாள்.

அதன் பிறகு சேலம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவரை என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். இரவு முழுக்கக் குழந்தையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

விடிந்ததும் டாக்டரம்மா வந்து, "உள்ளே ஒண்ணும் இல்லை, வெளி வீக்கம்தான், வடிஞ்சுடும்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சாமி காப்பாத்திச்சுங்க" என்றேன். அவர் சிரிக்காமல், "ஆமாம். ஆனா அடுத்த தடவையும் அந்த வேலையைச் சாமிகிட்டயே விடாதீங்க" என்றார்.

மடி ஏன் போதாது?

அவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி, பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த, அதன் எடையைப் போல் சுமார் 14 மடங்கு பலம் வேண்டும். எங்கள் பாப்பா அப்போது ஐந்தரைக் கிலோ. 14 மடங்கு என்றால் 75 கிலோவுக்கு மேல்! ஓர் அரிசி மூட்டை திடீரென்று மடியிலிருந்து முன்னே பாய்ந்தால் உங்களால் பிடிக்க முடியுமா? அதே மோதலில் பாட்டியும் பெல்ட் போடாமல் இருந்தால், பாட்டியின் கனம் முழுவதும் குழந்தையின் மேல் போய் விழும். தாங்கும் என்று நம்பிய மடியே நசுக்கும் கல்லாகிவிடும்.

இன்னொரு கணக்கும் சொன்னார். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அதாவது மூன்று மாடி உயரம். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைப்போமா?

இந்த மடி நம்பிக்கை நமக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் குழந்தைகளைக் காரில் தனி சீட்டில் வைக்க வேண்டும் என்று முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் போராடியதால் 1977-ல் நிறைவேறி, 1978-ல் அமலுக்கு வந்தது. ஆனால் அதிலும் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர்கள் கையில் வைத்திருந்தால் சீட் வேண்டாம் என்று! குழந்தையை நசுக்கும் விலக்கு என்றே அதற்குப் பேர் வந்தது. 1981-ல்தான் அதை நீக்கினார்கள். தாயின் கைக்கு மிஞ்சிய காவல் இல்லை என்று நினைப்பது உலகத்துக்கே பொது போலிருக்கிறது.

அன்று வீடு திரும்பியதும் என் கணவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏம்புள்ள, லாரியில ஒரு மூட்டை சரியாம இருக்கோணும்னு பாடியில எத்தனை கொக்கி வெக்கறோம்! லோடு ஏத்துனா கயிறு கட்டாம ஒருத்தனும் கிளம்ப மாட்டான். நம்ம பாப்பாவுக்கு ஒரு கொக்கி போடாம விட்டுட்டமே!"

உண்மைதானே? நாமக்கல்லில் முட்டையைக்கூட யாரும் மடியில் அள்ளிக்கொண்டு போவதில்லை. ஓர் அட்டைக்கு முப்பது குழி, ஒவ்வொரு முட்டையும் தன் குழியில். கார் சீட் என்பது குழந்தைக்கு அந்தக் குழிதான்.

எந்த வயசுக்கு எந்த சீட்?

பிறகு மாப்பிள்ளையோடு உட்கார்ந்து, சீட்டோடு வந்த புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வயதைப் பார்த்து வாங்கக் கூடாது. குழந்தையின் எடையையும் உயரத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பொதுவாக மூன்று வகை இருக்கிறது.

1. கைப்பிடி வைத்த கூடை சீட். பிறந்த அன்றிலிருந்து பெரும்பாலும் 13 கிலோ வரை. குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

2. இரண்டு பக்கமும் திருப்பி வைக்கும் சீட். முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் வைக்கலாம். பெரும்பாலும் 18 கிலோ வரை வரும். ஒரே தடவைதான் செலவு செய்ய முடியும் என்பவர்களுக்கு இது தோது. ஆனால் பிறந்த குழந்தைக்குப் பொருந்துமா, படுக்கைச் சாய்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

3. உயரப் பலகை போன்ற பூஸ்டர் சீட். 15 கிலோவுக்கு மேல் 36 கிலோ வரை. காரின் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பிலும் படியும்படி குழந்தையைத் தூக்கி உட்கார வைக்கும். சுமார் 4 அடி 9 அங்குலம் வளர்ந்த பிறகு வெறும் பெல்ட் போதும்.

"கொழந்தை ஏன் பின்னாடி பார்த்து உக்காரணும்? முன்னாடி பார்த்தா நாலு மரம் மட்டை பார்க்குமே?" என்று என் நாத்தனார் கேட்டார். நல்ல கேள்வி. பச்சைக் குழந்தைக்கு உடம்பின் நீளத்தில் கால்வாசி தலைதான். கழுத்தோ வாழைத்தண்டு. முன்னோக்கி உட்கார்ந்து கார் சட்டென்று நின்றால், வார் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். கனத்த தலை மட்டும் முன்னே எகிறும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு உள்ளங்கை போல ஏந்திக்கொள்ளும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? விண்வெளியிலிருந்து! ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்து, வேகத்தின் அழுத்தம் முழுவதையும் முதுகில் வாங்கிக்கொள்வதைப் பார்த்தார். குழந்தைக்கும் இதுதான் சரி என்று தோன்றியது. 1964-ல் முதல் பின்னோக்கு சீட்டைச் சோதித்துப் பார்த்தார்கள்.

குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கி வைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பாவின் புது விதி. அந்த சீட்டுக்குச் சொன்ன எடையும் உயரமும் எட்டும்வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்று 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொன்னது. கால் மடங்குகிறதே என்று கவலைப்படாதீர்கள். குழந்தைகளுக்குக் கால் மடக்கி இருப்பது ஒரு சிரமமே இல்லை. தலை உச்சிக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே ஓர் அங்குலம் கூட இல்லை என்றால்தான் சீட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும்போது கவனிக்க

விலையையும் துணியின் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். ஐரோப்பியத் தரம் என்றால் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்; பக்கத்தில் ஆர் 44 அல்லது அதற்குப் பின் வந்த ஆர் 129 என்று போட்டிருக்கும். நம் நாட்டுத் தரத்துக்கு ஏ.ஐ.எஸ். 072 என்று பேர். இதில் எதுவுமே இல்லாமல் வெறும் மெத்தையும் வாரும் வைத்துத் தைத்து விற்பதை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

முடிந்தால் காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய் சீட்டை மாட்டிப் பார்த்து வாங்குங்கள். எல்லா சீட்டும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. பழைய கார்களில் பின் சீட் பெல்ட் நீளம் போதாமல் போகும். சில கார்களில் நடு இடத்துக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்தான். பெரும்பாலான கூடை சீட்டுகளுக்குத் தோள் பெல்ட்டும் சேர்ந்த மூன்று முனைப் பெல்ட் வேண்டும்.

இப்போது வரும் பல கார்களில் ஐசோஃபிக்ஸ் என்ற ஏற்பாடு உண்டு. பின் சீட்டும் சாய்மானமும் சேரும் மடிப்பில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். அதற்கேற்ற சீட் அல்லது அடித்தட்டு வாங்கினால் நேராக வளையத்தில் மாட்டிவிடலாம். புதுக் கார் வாங்க யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்ற சோதனையில் நம் நாட்டுக் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண், தனி நட்சத்திரம். மைலேஜ் கேட்கும்போது அதையும் கேளுங்கள்.

நம் வீடுகளில் தொட்டிலை ராசியான தொட்டில் என்று கைமாற்றுவோம். கார் சீட்டில் அது கூடாது. ஒரு தடவை விபத்தில் மாட்டிய சீட், வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். உடன்பிறந்தவர்கள் கொடுத்து, அதன் கதை முழுவதும் தெரியும் என்றால் வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் அடியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஊர் பேர் தெரியாதவர்களிடம் பழசு வேண்டவே வேண்டாம்.

பொருத்துவது எப்படி?

முதல் விதி: பின் சீட்டில்தான். முன் சீட்டில், ஏர் பேக் இருக்கும் இடத்தில், பின்னோக்கி சீட்டை ஒருநாளும் வைக்கக் கூடாது. 2022 முதல் வரும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் முன்னால் இருவருக்கும் ஏர் பேக் உண்டு. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் அந்தப் பை, பெரியவர்களைக் காப்பாற்றும். அதே வேகத்தில் குழந்தை சீட்டின் முதுகில் அறையும். முன் சீட்டில் மடியில் வைத்திருந்த நான் எத்தனை தப்பு ஒன்றாகச் செய்திருக்கிறேன், பாருங்கள்!

பின் சீட்டில் நடு இடம் நல்லது, அங்கே மூன்று முனைப் பெல்ட் இருந்தால். இல்லாவிட்டால் இடது பக்கம். ரோட்டோரமாக நின்று, வண்டிகள் உரசாமல் குழந்தையை எடுக்கலாம், வைக்கலாம்.

காரின் பெல்ட்டால் கட்டுகிற கூடை சீட் என்றால், இடுப்புப் பெல்ட் குழந்தையின் கால் பக்கமாகக் குறுக்கே போகும். தோள் பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வரும். எங்கே நுழைய வேண்டும் என்று சீட்டிலேயே நிறம் போட்டிருப்பார்கள். பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்கச் சிவப்பு. பெல்ட்டை மாட்டியதும் சீட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திக்கொண்டு, தொங்கல் இல்லாமல் இழுத்து இறுக்குங்கள். ஐசோஃபிக்ஸ் என்றால் இரண்டு பக்கமும் 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும். அடையாளச் சாளரம் பச்சையாக மாறும். தாங்குகால் இருந்தால் தரையைத் தொட வேண்டும். மேல் வார் இருந்தால் அதையும் மாட்ட வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடம் வலமாகவும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. என் கணவர்தான் பட்டறைக்காரர் ஆயிற்றே, "லோடு கட்டற மாதிரி முட்டி போட்டு இழுங்க மாப்பிள்ளை" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சாய்வையும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்குப் பாதி படுத்தாற்போல், சுமார் 45 டிகிரி. ரொம்ப நிமிர்ந்திருந்தால் தூக்கத்தில் தலை கவிழ்ந்து முகவாய் மார்பில் முட்டும். மூச்சு விடச் சிரமமாகும். சீட்டிலேயே கோடோ குமிழியோ வைத்துச் சரியான சாய்வைக் காட்டியிருப்பார்கள்.

குழந்தையை வைக்கும்போது

முதுகும் அடிப்பாகமும் சீட்டில் நன்றாகப் பதிய வேண்டும். பின்னோக்கி இருக்கும்போது தோள் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். முன்னோக்கித் திருப்பிய பிறகு தோள் மட்டத்திலோ சற்று மேலோ. வாரை மாட்டி இழுத்ததும், தோள் பக்கத்து வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளினால் மடிப்பு வந்தால் இன்னும் தளர்வு. கிள்ள வராமல் விரல் வழுக்கினால் சரி. "இறுக்கமா இருக்கே பாவம்!" என்று நான்தான் முதலில் சொன்னேன். இறுக்கம் இல்லை, அணைப்பு அது.

துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே வைத்து வார் போடக் கூடாது. கம்பளிச் சட்டையும் கூடாது. மோதும்போது துணி அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரை முதலில் போட்டு, குளிராக இருந்தால் மேலே போர்த்தலாம். அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்து, வெள்ளிக் காசு எல்லாம் கொக்கிக்கு அடியில் மாட்டி அழுத்தாமல் தள்ளிவிடுங்கள். கடையில் தனியாக விற்கும் தலையணை, மெத்தை எதையும் சொருகக் கூடாது. சீட்டோடு வந்தது மட்டும் போதும்.

நம் ஊர் வெயிலும் நம் ஊர் வழக்கமும்

சேலத்திலும் நாமக்கல்லிலும் சித்திரை வெயிலில் நின்ற காரின் கொக்கி, தோசைக்கல் மாதிரி சுடும். வெளியில் நிறுத்தினால் சீட்டின் மேல் வெள்ளைத் துணியை மூடிவிட்டுப் போங்கள். குழந்தையை வைப்பதற்கு முன் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள். தூங்குகிறதே என்று காரிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போகவே கூடாது. மூடிய காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி சூடு ஏறும்.

பால் கேட்டு அழுதால்? காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கியோ நிறுத்திய காரிலோ பால் கொடுங்கள். ஓடும் காரில் வாரை அவிழ்த்து எடுக்கக் கூடாது. பிறந்த புதிதில் ஒரே மூச்சில் 30 நிமிஷத்துக்கு மேல் சீட்டில் வேண்டாம். வளர்ந்த பிறகும் இரண்டு மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்து நீட்டிப் படுக்க வையுங்கள். நாமக்கல்லிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சின்னக் குழந்தை என்றால் நடுவில் ஒரு தடவை நின்று போனால் என்ன? வீட்டுக்கு வந்ததும் கூடை சீட்டையே தொட்டிலாக்கி அதிலேயே தூங்க விடாதீர்கள். வேனில் மேல் கம்பியில் தூளி கட்டி ஆட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. பிரேக் போட்டால் தூளி ஊஞ்சலாகிவிடும்.

"எங்ககிட்டக் காரே இல்லை, ஸ்கூட்டர்தான்" என்பவர்களுக்கும் விதி வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியிலிருந்து, இருசக்கர வண்டியில் நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு வார் போட வேண்டும். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை அளவான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஹெல்மெட் தாங்கும் கழுத்தே கிடையாது. அதற்கு ஸ்கூட்டரே வேண்டாம் என்பது என் எண்ணம்.

காருக்கும் சட்டம் உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பயன்படுத்தினால் விபத்தில் குழந்தைகளின் சாவு குறைந்தது 60 சதவீதம் குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நினைத்து வாங்குங்கள்.

சீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், மறுக்கவில்லை. காப்பும் கொலுசும் போடும் தாய்மாமன், சீர் செய்யும் அப்புச்சி எல்லாரும் இருக்கிறார்களே? இந்தத் தடவை சீர்த்தட்டில் ஒரு கார் சீட்டும் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

மாமியாரிடமோ அம்மாவிடமோ எப்படிச் சொல்வது என்று தயங்கும் பெண்களே, இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். "ஒரு பாட்டியே எழுதியிருக்காங்க" என்று சொல்லுங்கள்.

பாட்டிமார்களே, சீட்டில் வைத்தால் குழந்தை நம்மை விட்டுத் தூரமாகிவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து, நாமும் பெல்ட் போட்டுக்கொண்டு, அதன் விரலைப் பிடித்துக்கொண்டே போகலாம். எலுமிச்சம்பழமும் வைப்போம், திருஷ்டிப் பொட்டும் வைப்போம், வாரையும் போடுவோம். ஒன்றுக்கொன்று சண்டை இல்லை.

ஐந்தாம் மாதம் பாப்பாவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவரச் சேலம் போயிருந்தேன். திரும்பும்போது மறுபடி அதே பிரச்னை. சம்பந்தி வீட்டாரும் வந்ததால் காரில் இடம் போதவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை.

நானே சீட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பாப்பாவை வைத்து, வார் போட்டு, கிள்ளிப் பார்த்தேன். நெற்றி வீக்கம் வடிந்த இடத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அத்தை, நீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க முன்னால போங்க மாப்பிள்ளை. எனக்கு நாமக்கல்லுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்குது" என்று சொல்லிவிட்டு, சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பழப் பைதான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் பிரயாணமும் போனதில்லை.